பட்ஜெட் போடும் முறையை மாற்றுவது என்றால் எதை மாற்றுவது?

பிப்ரவரி 1 காலை 11 மணிக்கு நிதியமைச்சர் மக்களவையில் எழுந்து நிற்கும்போது பட்ஜெட் ஏறக்குறைய முடிந்துபோன சங்கதி. அதற்கு முன்னால் நாலைந்து மாதம் தில்லி அலுவலகங்களில் ஃபைல்கள் நகர்ந்திருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு மாதம் நாடாளுமன்றம் அதை அலசுகிறது, அல்லது அலசுவதாகப் பேர். டிவியில் நமக்குக் கிடைப்பது நடுவில் வரும் அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சு. வருமான வரி வரம்பு ஏறியதா, தங்கத்துக்கு வரி குறைந்ததா என்று கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

தில்லியில் கரோல் பாக், ராஜிந்தர் நகர் பக்கம் அறை எடுத்துத் தங்கி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் தலைப்புகளில் ஒன்று ‘பட்ஜெட் சீர்திருத்தம்’. கமிட்டிப் பெயர்களும் வருஷங்களும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தக் கமிட்டி எந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். புத்தகங்கள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன, பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர்கள் பலர் இதையெல்லாம் கையால் செய்து பார்த்தவர்கள். அவர்கள் சொல்லும் விதத்தில் சொன்னால் விஷயம் சுலபமாகவே இருக்கிறது.

ரயில்வேக்கு அதிகமா, ராணுவத்துக்கு அதிகமா என்பது அரசியல் முடிவு. அதை ஒவ்வொரு அரசும் தன் விருப்பப்படி எடுக்கும். பட்ஜெட் முறையைச் சீர்திருத்துவது வேறு வேலை. அந்த முடிவை யார் எடுக்கிறார்கள், எந்த வரிசையில் எடுக்கிறார்கள், யார் போட்ட கணக்கை நம்பி எடுக்கிறார்கள், அதைச் சரிபார்க்கப் பிறருக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்ற நான்கு கேள்விகளையும் பற்றியது அது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மத்திய அரசு தேதியையும் தலைப்புகளையும் நன்றாகவே சீர்செய்துவிட்டது. கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே தயங்குகிறது.

இப்போது நடக்கும் விதம்

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ நிதி அமைச்சகத்திலிருந்து எல்லா அமைச்சகங்களுக்கும் பட்ஜெட் சுற்றறிக்கை போகும். ஒவ்வொரு அமைச்சகத்திலும் ஒரு நிதி ஆலோசகர் உண்டு. எஃப்.ஏ. என்பார்கள். கீழே உள்ள பிரிவுகளிலிருந்து ‘எங்களுக்கு இவ்வளவு வேண்டும்’ என்று வரும் தாள்களைச் சேர்த்துத் திரட்டுவது அவர் பொறுப்பு. அக்டோபர், நவம்பர் வாக்கில் செலவினத் துறைச் செயலாளருக்கு எதிரே அவர் உட்காருவார். அங்கே நடப்பது பேரம்.

பேரம் போன வருஷத்து எண்ணிலிருந்துதான் தொடங்கும். அதன் மேல் எவ்வளவு சதவீதம் என்பதில்தான் இழுபறி. வெட்டுவார்கள் என்று தெரிந்தே எஃப்.ஏ. கொஞ்சம் ஏற்றிக் கேட்பார். ஏற்றித்தான் கேட்டிருப்பார் என்று தெரிந்தே எதிர்ப்பக்கம் வெட்டும். பத்து வருஷத்துக்கு முன் ஆரம்பித்த திட்டம் இன்னும் தேவையா என்ற கேள்வி இந்த அறைக்குள் நுழைவதே அபூர்வம்.

நுழைந்தாலும் பெரிதாக ஒன்றும் அசையாது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி, அதாவது நாலில் ஒரு பங்கு. அப்புறம் சம்பளம், ஓய்வூதியம், பாதுகாப்பு, உணவு மானியம், உர மானியம். இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு புதிய நிதியமைச்சர் தன் இஷ்டத்துக்குத் திருப்பக்கூடிய பணம் கொஞ்சம்தான். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான அந்தப் பட்ஜெட்டில் மொத்தச் செலவு 197 கோடி ரூபாய். அவரிடம் பழைய திட்டங்களின் பாரம் இவ்வளவு இருந்திருக்காது, ஆனால் பிரிவினையின் பாரம் இருந்தது.

மொத்தத்தை முதலில் முடிவு செய்வது

துவாரகாவிலோ மயூர் விஹாரிலோ குரூப் ஹவுசிங் சொசைட்டியில் குடியிருப்பவர்களுக்கு அடுத்த விஷயம் உடனே புரியும். லிஃப்ட் பழுதுக்கு ஒரு தொகை, தோட்டத்துக்கு ஒரு தொகை, செக்யூரிட்டிக்கு ஒரு தொகை, பொங்கல் விழாவுக்கு ஒரு தொகை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயம். ஒவ்வொன்றுக்கும் கைதூக்கிவிட்டுக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மெயின்டனன்ஸ் எகிறியிருக்கும். இதையே திருப்பிப்போட்டு, முதல் கூட்டத்திலேயே ‘இந்த வருஷம் மொத்தம் இவ்வளவுதான்’ என்று முடிவு செய்துவிட்டால், லிஃப்டுக்குக் கூடுதல் கேட்பவர் எதைக் குறைக்கலாம் என்றும் சொல்லியாக வேண்டும்.

சுவீடன் இதை ஒரு நாட்டு அளவில் செய்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கே வங்கிகள் ஆட்டம் கண்டன. அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 10 சதவீதத்தைத் தாண்டியது. அதுவரை அவர்கள் நாடாளுமன்றத்தில் ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாக ஓட்டெடுத்து, மொத்தம் எவ்வளவு வருகிறதோ அதை ஏற்றுக்கொண்டார்கள். 1996இல் சட்டம் மாறியது. செலவுக்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே உச்சவரம்பு நிர்ணயிக்க வேண்டும். பிறகு 27 செலவுப் பிரிவுகளுக்கும் தொகையை நாடாளுமன்றம் ஒரே முடிவாக எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இறங்கிப் பேசலாம். ஒரு பிரிவில் ஏற்றினால் அதே பிரிவில் வேறொன்றை இறக்க வேண்டும். அந்நாட்டுக் கடன் அதன் பிறகு வெகுவாக இறங்கியது. இந்தச் சட்டம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வரிசையை மாற்றியது பெரிய உதவி.

நம் ஊரிலும் மூன்று வருஷச் செலவுக் கணிப்பை வைக்க வேண்டும் என்று நிதிப் பொறுப்புச் சட்டம் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) 2012இல் திருத்தப்பட்டது. ஆனால் அது வெறும் கணிப்பு. மீறினால் ஒன்றும் நடக்காது.

இதற்கு நேர்மாறான இன்னொரு யோசனை, பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. போன வருஷம் வாங்கினாய் என்பதற்காக இந்த வருஷம் கிடைக்காது, ஒவ்வொரு ரூபாய்க்கும் புதிதாக நியாயம் சொல். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் பீட்டர் பைர் என்பவர் இதை வகுத்தார். ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அதைப் பிடித்துக்கொண்டு, அதிபரானதும் 1977இல் அமெரிக்க அரசு முழுவதற்கும் கொண்டுபோனார். ரீகன் 1981இல் வந்ததும் அது கைவிடப்பட்டது. நம் மத்திய அரசும் 1980களில் இதை முயன்றது. கேட்க இனிமையான யோசனைதான், நடைமுறையில் காகிதமே மிஞ்சியது. ஆயிரக்கணக்கான திட்டங்களை வருஷா வருஷம் அடியிலிருந்து ஆராய எந்த அலுவலகத்திலும் ஆளில்லை. கடைசியில் பழைய எண்ணுக்கே புது நியாயம் எழுதித் தருவார்கள். தேர்வில் இதைப் புகழ்ந்து எழுதுகிற பிள்ளைகளிடம் நான் சண்டை போடுவதுண்டு.

2017இல் நடந்த மூன்று மாற்றங்கள்

மத்திய பட்ஜெட்டின் உருவம் கண்ணுக்குத் தெரிய மாறியது 2017இல்தான்.

முதலாவது தேதி. அதற்கு முன் பிப்ரவரியின் கடைசி வேலை நாளில் பட்ஜெட் வரும், மே மாதம்தான் முழுதாக நிறைவேறும். ஏப்ரல் 1 அன்று புது நிதியாண்டு பிறந்துவிடுமே, சம்பளம் எப்படிப் போடுவது? அதற்காக இடையில் இரண்டு மாதச் செலவுக்கு மட்டும் ஒப்புதல் வாங்குவார்கள். வோட் ஆன் அக்கவுண்ட் என்பது அதுதான். புதிய வேலைகளுக்கு அந்தப் பணம் உதவாது. மே கடைசியில் முழு ஒப்புதல் வரும், ஜூனில் மழை வரும், அப்புறம் சாலை போடுவது எங்கே? பிப்ரவரி 1க்கு மாற்றியதால் மார்ச் 31க்குள் எல்லாம் முடிந்து, ஏப்ரலிலேயே பணம் கையில் இருக்கிறது. நல்ல மாற்றம். இதற்கு ஒரு விலையும் உண்டு. டிசம்பரில் கணக்குப் போடும்போது நடப்பு ஆண்டின் பாதிக்குச் சற்று மேற்பட்ட மாதங்களின் வரி வசூல்தான் தெரிந்திருக்கும். மீதியை ஊகிக்க வேண்டும்.

இரண்டாவது, ரயில்வே பட்ஜெட்டைப் பொதுப் பட்ஜெட்டோடு சேர்த்தது. 1924 முதல் தனியாக இருந்தது. எந்த ஊருக்குப் புது ரயில் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் நமக்குக் குறைந்தது. வேறு பெரிய நஷ்டம் இல்லை.

மூன்றாவதை யாரும் டிவியில் பேசவில்லை, ஆனால் எனக்கு அதுவே முக்கியம். அதுவரை அரசுச் செலவு ‘திட்டச் செலவு’, ‘திட்டமல்லாச் செலவு’ என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தில் வரும் புதிய வேலைகள் முதல் வகை. ஏற்கெனவே இருப்பதை நடத்துவது இரண்டாம் வகை. புதிதாக ஒரு ஆஸ்பத்திரி கட்டினால் திட்டச் செலவு, அது வளர்ச்சி என்று பேர் வாங்கும். அதே ஆஸ்பத்திரிக்கு அடுத்தடுத்த வருஷங்களில் நர்ஸ் சம்பளமும் பழுதுபார்க்கும் செலவும் திட்டமல்லாச் செலவு, அது வீண் என்று பேர் வாங்கும். சிக்கனம் என்று வந்தால் முதலில் கத்தி விழுவது அங்கேதான். விளைவு, கட்டடம் எழும்பும், உள்ளே ஆளிருக்காது. ஒரு துறைக்கு மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்று ஒரே இடத்தில் பார்ப்பதும் கஷ்டம். இந்தப் பிரிவினையை எடுத்துவிடலாம் என்று, அரசுச் செலவு நிர்வாகத்தை ஆராய்ந்த ரங்கராஜன் கமிட்டி 2011இலேயே சொன்னது. ஐந்தாண்டுத் திட்டங்களைப் போட்ட திட்டக் கமிஷனே போய், அதன் இடத்தில் 2015இல் நிதி ஆயோக் வந்த பிறகு, 2017-18 பட்ஜெட்டில் அது நடந்தது. இப்போது வருவாய்ச் செலவு (சம்பளம், வட்டி போன்ற அன்றாடச் செலவு), மூலதனச் செலவு (சாலை, கட்டடம் போன்ற சொத்தை உருவாக்கும் செலவு) என்ற பிரிவு மட்டுமே. அதிலும் மூலதனச் செலவு நல்லது, வருவாய்ச் செலவு கெட்டது என்று பழைய நோய் வேறு பெயரில் எட்டிப்பார்க்கிறது. ஆசிரியர் சம்பளம் வருவாய்ச் செலவுதானே!

எவ்வளவு செலவழித்தோம் என்பதோடு எதைச் சாதித்தோம் என்பதையும் எழுதச் சொல்லும் விளைவுப் பட்ஜெட் 2005இல் வந்தது. பெண்களுக்கான திட்டங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று காட்டும் பாலினப் பட்ஜெட் அறிக்கையும் அதே காலத்தது. இரண்டும் இன்னும் வெளியாகின்றன. ஆனால் போன வருஷம் இலக்கை எட்டாத திட்டத்துக்கு இந்த வருஷம் பணம் குறைகிறதா என்றால், அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

மார்ச் மாதச் செலவு அவசரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செலவழிக்காத ஒதுக்கீடு மார்ச் 31 நள்ளிரவில் காலாவதி. அதனால்தான் அரசுக் குடியிருப்புகளில் வெள்ளையடிக்க அந்த மாதம் பார்த்து ஆள் வருகிறார்கள் என்று பழைய ஊழியர்கள் சிரிப்பார்கள். கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்று நிதி அமைச்சகம் வரம்பு வைத்திருக்கிறது.

யார் போட்ட கணக்கு?

பட்ஜெட்டில் உள்ள எல்லா எண்களும் ஊகங்கள். அடுத்த வருஷம் வரி இவ்வளவு வரும், பங்கு விற்றால் இவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது. அந்த ஊகத்தைப் போடுவதும், அதை வைத்துச் செலவை அறிவிப்பதும் ஒரே அமைச்சகம்.

2019-20 பட்ஜெட்டில் மொத்த வரி வசூல் 24.61 லட்சம் கோடி என்று போட்டார்கள். வந்தது 20.10 லட்சம் கோடி. நடுவில் செப்டம்பரில் கம்பெனி வரியைக் குறைத்தது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தோண்டியிருக்காது. 2021-22இல் பொதுத்துறைப் பங்கு விற்பனையில் 1.75 லட்சம் கோடி வரும் என்றார்கள். 15,000 கோடிகூட வரவில்லை. வரவை ஊதிக் காட்டினால் பிப்ரவரியில் பற்றாக்குறை சின்னதாகத் தெரியும். வருஷ நடுவில் உண்மை தெரியும்போது யாருக்கும் சத்தம் கேட்காமல் ஏதாவது ஒரு திட்டம் வெட்டப்படும். (சில வருஷம் எதிர்ப்பக்கமும் நடக்கும், குறைத்துப் போட்டு அதிகம் வசூலிப்பார்கள்.)

இன்னொரு வழி, செலவை பட்ஜெட்டுக்கு வெளியே வைப்பது. ரேஷன் அரிசியும் கோதுமையும் வாங்கித் தரும் இந்திய உணவுக் கழகத்துக்கு அரசு மானியம் கொடுக்க வேண்டும். பல வருஷம் அதை முழுதாகக் கொடுக்காமல், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்தையே கடன் வாங்கச் சொன்னார்கள். நாம் போஸ்ட் ஆபீசில் போட்ட பணம்தான் அது. செலவு நடந்தது, கடனும் ஏறியது, ஆனால் பற்றாக்குறை எண்ணில் அது தெரியவில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைக் குறிப்பிட்டார். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அரசு அந்தப் பாக்கியைக் கணக்குக்குள் கொண்டுவந்தது. 2020-21க்கு முதலில் 1.15 லட்சம் கோடி என்று போட்டிருந்த உணவு மானியம், திருத்திய மதிப்பீட்டில், அதாவது ஆண்டு முடியும் முன் போடும் புதுக் கணக்கில், 4.22 லட்சம் கோடி ஆனது. கொரோனா காலத்து இலவச அரிசியும் அதில் உண்டு. மறைத்ததை விமர்சிப்பவர்கள் வெளிக்கொண்டுவந்ததைப் பாராட்டவும் வேண்டும். பாராட்டுகிறேன்.

இதையெல்லாம் கட்டுப்படுத்த 2003இலேயே ஒரு சட்டம் வந்தது, நிதிப் பொறுப்பு மற்றும் பட்ஜெட் மேலாண்மைச் சட்டம். பற்றாக்குறையை உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது. 2007-08இல் அதற்குக் கீழேகூடப் போனோம். அடுத்த ஆண்டு உலகப் பொருளாதார நெருக்கடியில் அது இரட்டிப்புக்கு மேல் ஆனது. அதன் பிறகு 3ஐ மறுபடி பார்க்கவில்லை. 2020-21இல் 9.2 சதவீதம் வரை போய், 2025-26க்கு 4.4 சதவீதம் என்று திட்டமிடும் அளவுக்கு இறங்கியது. இப்போது அரசு அளவுகோலையே மாற்றிக்கொண்டிருக்கிறது. பற்றாக்குறையை விட மொத்தக் கடனைப் பார்ப்போம், 2031 மார்ச்சுக்குள் அதை உற்பத்தியில் 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவருவோம் என்கிறது. மோசமான யோசனை இல்லை. ஆனால் எந்த இலக்காக இருந்தாலும், எட்டினோமா என்று சொல்வது இலக்கு வைத்தவரேதான்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது நிதிக் கவுன்சில். அரசுக்கு வெளியே, சில பொருளாதார வல்லுநர்களும் கணக்கர்களும் கொண்ட சிறு அமைப்பு. அதற்குச் செலவை முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. அரசு போட்ட ஊகம் நம்பும்படி இருக்கிறதா என்று பகிரங்கமாகச் சொல்லும், அவ்வளவுதான். பிரிட்டனில் 2010 முதல் இப்படி ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அரசு அந்த அமைப்பின் மதிப்பீட்டை வெளியிடாமலே பெரிய வரிக்குறைப்பை அறிவித்தது. கணக்கைக் காட்டாமல் கடன் கேட்கிறார்கள் என்று சந்தை மிரண்டது, கடன் பத்திரங்களின் வட்டி எகிறியது, அடுத்த மாதமே பிரதமர் பதவி விலகினார். நம் நாட்டில் ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14ஆவது நிதிக் குழு (மத்திய, மாநில வரிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் குழு), நிதிப் பொறுப்புச் சட்டத்தை மறுஆய்வு செய்த என்.கே. சிங் கமிட்டி, 15ஆவது நிதிக் குழு என்று அடுத்தடுத்து இதைப் பரிந்துரைத்தார்கள். அரசு அமைக்கவில்லை.

நாடாளுமன்றத்தின் நேரம்

அரசியல் சட்டத்தின் 113ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு அமைச்சகத்தின் செலவும் மானியக் கோரிக்கையாக, அதாவது ‘இவ்வளவு செலவுக்கு ஒப்புதல் தாருங்கள்’ என்ற கோரிக்கையாக, மக்களவைக்கு வரும். மக்களவை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட முடியாது. வட்டி, நீதிபதிகள் சம்பளம் போன்றவை ஓட்டுக்கே வராது, பேச மட்டும் செய்யலாம். மாநிலங்களவைக்கு இதில் ஓட்டே இல்லை.

குறைக்கலாம் என்றாலும் குறைத்ததில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அடையாளமாக 100 ரூபாய் வெட்டச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரலாம். அது ஜெயித்தால் அரசு பெரும்பான்மையை இழந்துவிட்டதாகப் பொருள், அதனால் ஆளுங்கட்சியில் யாரும் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இது வேறு மாதிரி. அதிபர் அனுப்பும் பட்ஜெட்டைக் காங்கிரஸ் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதும், அதற்குத் துணையாக 1974 முதல் சொந்தக் கணக்கு அலுவலகமும் வைத்திருக்கிறது. ஆனால் ஒத்துப்போகாவிட்டால் அரசு அலுவலகங்களே பூட்டிக்கிடக்கும், 2018-19இல் 35 நாள் கிடந்த மாதிரி. அந்த வியாதி நமக்கு வேண்டாம்.

நம்மிடம் நடுவழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1993இல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தன. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் கட்சி பேதம் கொஞ்சம் குறைந்த அறைகளில் உட்கார்ந்து, செயலாளர்களைக் கூப்பிட்டு, மானியக் கோரிக்கைகளைக் கேள்வி கேட்பார்கள். பல அறிக்கைகள் படிக்கத் தகுந்தவை. ஆனால் அரசைக் கட்டுப்படுத்தாதவை. கூட்டத்தொடர் மறுபடி கூடியதும் மக்களவையில் நான்கைந்து அமைச்சகங்களைப் பற்றித்தான் பேச நேரமிருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட கோரிக்கைகளில் மீதியெல்லாம் கடைசி நாளில் மொத்தமாக ஓட்டுக்கு விடப்படும். கில்லட்டின் என்று அதற்குப் பேர். 2018இலும் 2023இலும் ஒரு அமைச்சகத்தைப் பற்றிக்கூட விவாதிக்காமல் அமளிக்கு நடுவே முழுப் பட்ஜெட்டும் நிறைவேறியது. 2023இல் அது 45 லட்சம் கோடி ரூபாய். அமளிக்கு யார் காரணம் என்பதில் இரண்டு தரப்புக்கும் தனித்தனிக் கதை உண்டு.

இங்கே வேண்டிய மாற்றங்கள் சின்னவை. நிலைக்குழுக்கள் பட்ஜெட் அச்சான பிறகு பார்ப்பதற்குப் பதிலாக, அக்டோபரில் பேரம் நடக்கும்போதே போன வருஷச் செலவை அலசிக் கருத்துச் சொல்லலாம். உறுப்பினர்களுக்குக் கணக்குப் போட்டுத்தர ஆஸ்திரேலியா 2012இல் அமைத்தது போல நாடாளுமன்றத்துக்கே ஒரு பட்ஜெட் அலுவலகம் வைக்கலாம். இரண்டுக்கும் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். பட்ஜெட் ஆவணங்கள் எல்லாம் இந்திய பட்ஜெட் இணையதளத்தில் இலவசம். ஏதாவது ஒரு திட்டத்தை எடுத்து அதன் எதிரே உள்ள எண்களைப் பக்கவாட்டில் படியுங்கள். நான்கு எண்கள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தைப் பாருங்கள். 2024-25க்கு முதலில் 70,163 கோடி, திருத்திய மதிப்பீட்டில் 22,694 கோடி. அடுத்த கட்டத்தில் 2025-26க்கு மறுபடி 67,000 கோடி. பிப்ரவரி பேச்சில் வந்தது, திட்டம் 2028 வரை நீளும், மொத்த ஒதுக்கீடு கூடும் என்பதுதான். நடுவில் 47,000 கோடிக்கு மேல் ஏன் செலவாகவில்லை என்பதற்குப் பதில், நீர்வளத்துக்கான நிலைக்குழுவின் அறிக்கையில் தேட வேண்டிய விஷயம்.